மூடி போட்டு எடுத்த அறுபது படங்கள்

வரக்காப்பொல
2025 ஏப்ரல் 6

அக்கா,

கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு பக்கமாவது வாசித்துவிடுங்கள். உங்கள் போனில் என் நம்பரை அடைத்து இன்றைக்கு முப்பத்தேழு நாள். அம்மாவுக்குப் போன் எடுத்தால், "பக்கத்துலதான் நிக்கிறா, பேச மாட்டேங்குறா, நான் என்னய்யா செய்ய" என்கிறார். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இப்போதுதான். பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்புங்கள். அதுவாவது உங்களிடமிருந்து வரட்டும்.

கல்யாணத் தேதி குறித்தாயிற்று. ஜூன் 5, வியாழக்கிழமை, இங்கே வரக்காப்பொலயில் கோயில் மண்டபத்தில். முதல் முடிச்சு நான் போடுவேன். மற்ற இரண்டையும் பெண்ணுக்கு நாத்தனார்தான் போட வேண்டும். எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. பெண் வீட்டில், கேஷானியின் பெரியம்மா மீனாம்பாள் கிழமைக்கு ஒரு தடவை, "தம்பி, ஒங்க அக்கா வர்றாங்கதானே? இல்லன்னா ஒங்க சொந்தத்துல வேற பொண்ணப் பாக்கணும், இப்பவே சொல்லிருங்க" என்கிறார். கல்யாணம் ஆகாத அக்கா முடிச்சுப் போடுவதில் அவருக்கு ஏற்கெனவே கொஞ்சம் இழுப்பு. நீங்கள் வராவிட்டால் அவருக்கு வசதியாகப் போய்விடும்.

நடந்ததை இன்னொரு தடவை சொல்கிறேன். பெப்ரவரி 28 காலை ஆறு மணிக்கு வந்து உங்கள் கமராவை வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் ஸ்டூடியோ கமரா முதல் நாள்தான் பழுதாகியிருந்தது. பதினொரு மணிக்குச் சடங்கு வீடு. நான் கொண்டுபோன கார்டை உங்கள் கமரா ஏற்கவில்லை. உள்ளே இருந்த உங்கள் கார்டைப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துபோய் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைத்து மொத்தமாக அழித்துவிட்டு, அந்தப் பிள்ளையின் மஞ்சள் நீராட்டை எடுத்தேன். கேட்காமல் அழித்தது என் தப்புதான். ஆனால் அக்கா, அதில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் நீங்கள் நம்ப மாட்டேன் என்கிறீர்கள்.

பதில் வரும் என்று தினமும் தபால்காரரின் முகத்தைப் பார்க்கப்போகும்,
மதுசன்


மேல்கணக்கு, நிவித்திகல
2025 ஏப்ரல் 16

மதுசன்,

நீ 6ஆம் தேதி எழுதிய கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. தோட்ட ஆபிசில் யாருடைய மேசையில் வருடப்பிறப்புக் கொண்டாடியதோ தெரியாது. இனி எழுதுவதென்றால் டவுனில் நப்லாவின் மருந்துக்கடை விலாசத்துக்கு எழுது. அவள் எடுத்து வைப்பாள்.

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ அழித்தது என்ன என்று உனக்கே சரியாகத் தெரியாது போலிருக்கிறது. கரினா நெபுலா, நட்சத்திரங்களுக்கு நடுவே ஒளிர்கிற வாயு மேகம். கலவானப் பக்கத்துக் காட்டுக்கு மேலே, தெற்கில் தாழ்வாக வந்துவிட்டுப் போகும். வெறுங்கண்ணுக்குச் சின்ன மங்கல் அவ்வளவுதான், அம்மா அதை "அடுப்புப் புக" என்பாள். இந்தப் பக்கத்து மழையில் வருடத்துக்கு இரண்டு மாதம்தான் வானம் திறக்கும். அதில் நிலா இல்லாத ஒரு கிழமை. அந்தக் கிழமையில் எனக்குத் தேயிலை ஸ்டோரில் இரவு வேலை விழக்கூடாது. போன வருடம் அந்த ஒரு கிழமையும் மேகம். அதற்கு முந்திய வருடம் கமரா பழுது.

இந்த வருடம்தான் எல்லாம் கூடி வந்தது. பெப்ரவரி 25, 26, 27, மூன்று இரவு. இரண்டு பலகை, ஒரு கதவுப் பிணைச்சல், ஸ்டோரில் கழித்துப்போட்ட ஒரு போல்ட், இதுதான் என் கருவி என்பது உனக்குத் தெரியும், நீதான் துளை போட்டாய். வானம் நகர நகரக் கமராவும் கூடவே நகர்ந்தால்தான் நட்சத்திரம் புள்ளியாக விழும். பதினைந்து வினாடிக்குக் கால் சுற்று. நீ இங்கே இருந்தவரை நீ போல்ட்டைத் திருகினாய், நான் பொத்தானை அமுக்கினேன். இப்போது இரண்டும் நானே. ஒரு படத்துக்கு முப்பது வினாடி. நானூற்றுப் பன்னிரண்டு படம். நான் நிற்கிற பாறைக்குக் கீழே காட்டுப்பன்றி உறுமுகிறது, காலில் அட்டை ஏறுகிறது, நான் போல்ட்டை விடவில்லை. அத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் சேர்த்தால்தான் ஒரே ஒரு படம் வரும். அந்த ஒரு படம் எனக்கு வரவில்லை.

அழித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். ஆறு வருடமாகக் கமரா பிடிக்கிறவன், "ஒரு நட்சத்திரம்கூட இல்லை" என்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பார்க்காமல் அழித்தேன் என்று நேராகச் சொல். பொய் சொல்லாதே.

இன்னொன்று. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பரா வாசலில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். "தம்பிக்கு மொதல்ல ஆகுதுன்னு அக்காக்காரிக்கு வயித்தெரிச்சல்" என்கிறார்கள். முப்பத்து நாலு வயதில் இதற்கெல்லாம் அழுகை வராது என்று நினைத்தேன், வருகிறது. நீ கேஷானியைப் பற்றிச் சொன்ன அன்று உன்னைவிட நான்தான் சந்தோஷப்பட்டேன். அதை நீயாவது மறக்காதே.

ஆனாலும் கல்யாணத்துக்கு வரமாட்டேன். மீனாம்பாள் அம்மா வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். கமராவையும் நீயே வைத்துக்கொள்.

ஷாமிளா


வரக்காப்பொல
2025 ஏப்ரல் 24

அக்கா,

நப்லா அக்காவின் மருந்துக்கடை வழியாக வருவதால் இந்தக் கடிதமும் கொஞ்சம் கசக்கும்.

பொய்யன் என்று எழுதிவிட்டீர்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள் கோபம் வந்தது. நாலாவது நாள் உட்கார்ந்து யோசித்தேன், உண்மையில் நான் எத்தனை படத்தைப் பார்த்தேன் என்று. சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் பார்க்கவில்லை. பத்துப் படம் பார்த்திருப்பேன். பத்தும் கறுப்பு. வாசலில் பந்தல்காரன் கத்துகிறான், உள்ளே அந்தப் பிள்ளை பட்டுச்சேலையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, மாமன்மார் சீர்த்தட்டோடு நிற்கிறார்கள். பத்தைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் அழித்தேன். மீதியில் நட்சத்திரம் இருந்திருக்கலாம். அதை என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்தில் இல்லை. அதைச் சூடம் ஏற்றி அணைத்துச் சொல்வேன்.

அழிந்த படங்களை மீட்கிற ப்ரோக்ராம் ஒன்றைப் போட்டு இரண்டு ராத்திரி தேடினேன். அந்தப் பிள்ளையின் மாமா வடை சாப்பிடுகிற படம் நாலு தடவை வந்தது. உங்களுடையது ஒன்றும் வரவில்லை. அதன் மேலேயே புதுப் படம் எடுத்துவிட்டதால் இனி வராது என்று எங்கள் முதலாளி அழகமுத்து அண்ணன் சொல்கிறார்.

கேஷானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், "மூனு ராத்திரி பனியில நின்னு எடுத்தத ஒரு நிமிசத்துல அழிச்சிருக்கீங்க. அவங்க ஒங்கள சும்மா விட்டதே பெரிசு" என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "அவங்க வராம எனக்குத் தாலி வேணாம். தேதியத் தள்ளி வெச்சாலும் பரவால்ல." அவள் அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அவருடைய இரும்புக் கடையில் எனக்கு நல்ல கனமான சாமானாகப் பார்த்து எடுப்பார்.

அடுத்த பெப்ரவரியில் லீவு போட்டுவிட்டு வருகிறேன். ஒரு கிழமை முழுக்கப் போல்ட்டைத் திருகுகிறேன். மேகம் என்றால் அதற்கு அடுத்த பெப்ரவரியும் வருகிறேன். இதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

பத்துப் படம் மட்டும் பார்த்த தம்பி,
மதுசன்


மேல்கணக்கு, நிவித்திகல
2025 மே 2

மதுசன்,

பத்தைப் பார்த்துவிட்டு அழித்தேன் என்று இப்போதாவது சொன்னாயே. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தப் பத்தில் நட்சத்திரம் இல்லை என்கிறாய் பார், அங்கேதான் திரும்பவும் தடுக்கி விழுகிறேன். எந்தப் பத்தைப் பார்த்தாலும் இருந்திருக்கும். கமராவின் சின்னத் திரையில்கூடத் தெரியும். நான் ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் பார்த்தேன்.

கேஷானி சொன்னதை நாலு தடவை வாசித்தேன். அவளைக் கஷ்டப்படுத்தாதே. தேதியைத் தள்ள வேண்டாம். நான் வருவதா இல்லையா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. வந்து, உன் முகத்தைப் பார்த்து, சிரித்தபடி முடிச்சுப் போட முடியுமா என்று தெரியவில்லை. பொய் சொன்ன தம்பி என்று நினைத்துக்கொண்டே போடுகிற முடிச்சு நல்லதில்லை.

இங்கே மழை பிடித்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலியும் அதோடு வந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், லென்ஸில் பனி பிடிக்காமல் இருக்க உப்பை வறுத்து, உன் பழைய காலுறையில் கட்டி, லென்ஸைச் சுற்றி வைப்பேனே. அந்த மூட்டையை ஒத்தடத்துக்குக் கேட்டாள். பலகையோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு இனி எதற்கு.

ஷாமிளா


மேல்கணக்கு, நிவித்திகல
2025 மே 5

தம்பி,

போன கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். அதை எடுத்து அடுப்பில் போடு. ஏப்ரலில் எழுதியதையும் போடு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஒத்தடத்துக்கு உப்பை வறுக்க, காலுறையை அவிழ்த்துச் சட்டியில் கொட்டினாள். நான் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "ஏ புள்ள, உப்புக்குள்ள என்னமோ கறுப்பா தட்டையா கெடக்கு. வந்து பாரு, நான் கை வைக்க மாட்டேன்" என்று கூப்பிட்டாள். அட்டையோ பூச்சியோ என்று நினைத்திருக்கிறாள். நல்ல வேளை, அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

கார்டு, மதுசன். என்னுடைய மற்ற கார்டு.

கை ஈரத்தைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் கம்ப்யூட்டரில் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன. ஒன்று குறையவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "முட்டி வலின்னு ஒருத்தி கெடக்குறேன், இவ அழுவுறா" என்று அவள் ஏசினாள்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. மூன்றாவது இரவு கடைசிப் படத்தோடு கார்டு நிறைந்துவிட்டது. ஜனவரியில் எடுத்த படங்களும் அதிலேயே கிடந்தன. இருட்டில் கழற்றி, பனியில் நனையக்கூடாது என்று உப்புக் காலுறையின் வாயில் செருகினேன். ஈரம் உப்புக்குப் போகும், கார்டுக்குப் போகாது என்று புத்திசாலித்தனம் வேறு. ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் நாள் முழுக்க ஈரம் பார்க்கிறவளுக்கு அப்படித்தான் புத்தி போகும். பிறகு வேறு கார்டைப் போட்டு, மூடி போட்ட படங்களை எடுத்தேன். பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்கும்போது விடியப் பார்த்தது. ஒரு மணி நேரம் தூங்கியிருப்பேன், நீ வந்து கதவைத் தட்டினாய். கார்டு மாற்றியதும் மூடி போட்டு எடுத்ததும் மனதிலேயே இல்லை.

மூடி போட்ட படங்கள் என்றால் என்ன என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. இங்கே நீ இருந்த காலத்தில் நான் அதைச் செய்யவில்லை, போன வருடம்தான் படித்தேன். நெபுலாவை எடுத்து முடித்ததும், லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு, அதே முப்பது வினாடியில், அதே குளிரில், அறுபது படம் வெறும் கறுப்பாக எடுக்க வேண்டும். நம்முடையது பழைய கமரா. வெளிச்சமே இல்லாவிட்டாலும் தானாகச் சிவப்பும் நீலமுமாகப் பொடிப் புள்ளிகளைப் போடும், கண்ணுக்கு லேசில் தெரியாது. மூடி போட்டு எடுத்தால் அந்தக் குப்பை மட்டும் அதில் விழும். பிறகு நல்ல படத்திலிருந்து அதைக் கழித்துவிடலாம்.

நீ அழித்தது அந்த அறுபதைத்தான். நீ பார்த்த பத்தும் கறுப்பு. மிச்சம் ஐம்பதும் கறுப்பு. மூடியோடு எடுத்திருக்கிறீர்கள் என்று நினைத்தாயே, அதுவும் சரி. நீ சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நான் உன்னைப் பொய்யன் என்று எழுதினேன், இரண்டு மாதம் நம்பரை அடைத்து வைத்தேன், அம்மாவை நடுவில் நிற்க வைத்தேன். மன்னித்துக்கொள். பெரியவள் சின்னவனிடம் இதைக் கேட்கக்கூடாது என்று அம்மா சொல்கிறாள். நான் கேட்கிறேன்.

இன்னும் ஒரு உதவி. அந்த அறுபதையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம், ஆனால் அதே கமராவாக இருக்க வேண்டும், அது உன்னிடம் இருக்கிறது. அன்றைக்குப் பாறையில் இருபது பாகைக் குளிர். ஐஎஸ்ஓ 1600, முப்பது வினாடி, மூடி போட்டு. உன்னால் முடிந்தால்.

கடைசியாக, இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். அந்த இரண்டு முடிச்சு இன்னும் எனக்கு இருக்கிறதா? வேறு யாருக்காவது சொல்லியாகிவிட்டதென்றால் ஒன்றும் நினைக்க மாட்டேன். பந்தலில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் பேச வராது. நீ எழுதி அனுப்பு, முதலில் வாசித்துக்கொள்கிறேன்.

அக்கா


வரக்காப்பொல
2025 மே 14

என் உப்பு மூட்டை அக்காவுக்கு,

கடிதம் கடைக்கு வந்தது. நின்றபடியே வாசித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். அழகமுத்து அண்ணன் பயந்துபோய், "ஊர்ல யாருக்கும் ஒன்னும் இல்லியே?" என்றார். "ஒன்னும் இல்லண்ணே, என் காலுறையில இருந்துச்சாம்" என்றேன். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது, அக்கா. அன்றைக்கு மதியம் இரண்டு சோற்றுப் பார்சல் சாப்பிட்டேன்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். அழித்தது அறுபது கறுப்புப் படமாக இருந்தாலும் கேட்காமல்தான் அழித்தேன். நீங்களும் கொஞ்சம் ஏசினீர்கள். சரிக்குச் சரி.

நீங்கள் கேட்ட உதவிக்கு வருகிறேன். வரக்காப்பொலயில் இருபது பாகைக் குளிருக்கு எங்கே போவது? எங்கள் ஸ்டூடியோ ஏசியைவிட்டால் வழியில்லை. திங்கட்கிழமை வெசாக் பெருநாள், கடை பூட்டு. அண்ணனிடம் சாவி கேட்டேன். "படம் எடுக்கவா?" என்றார். "ஆமாண்ணே." "எதை?" "ஒன்னையும் இல்லண்ணே, மூடி போட்டுத்தான் எடுக்கணும்." கல்யாணம் நெருங்கினால் சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்று நினைத்திருப்பார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஏசியை இருபதில் போட்டு, கமரா குளிரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். கேஷானி தன் தங்கச்சியோடு வந்து ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டி ரோடு முழுக்கக் காகித வெசாக் கூடு, கலர் லைட், சும்மா சாப்பாடு கொடுக்கிற தன்சலுக்கு வரிசை. ஊரே வெளிச்சம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அறுபது தடவை இருட்டைப் படம் எடுத்தோம். பத்துப் படத்தோடு விட்டுவிடாமல் இந்தத் தடவை அறுபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நல்ல கறுப்பு. கார்டை இந்தக் கடிதத்தோடு அட்டைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறேன். நப்லா அக்காவிடம் சொல்லுங்கள், மாத்திரை என்று யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

இனி முடிச்சு விஷயம். மீனாம்பாள் பெரியம்மா வாராவாரம் கேட்டார் என்று எழுதினேன் அல்லவா? நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதவில்லை. ஏப்ரலில் உங்கள் "வரமாட்டேன்" கடிதம் வந்த அன்று சாயங்காலமே கேட்டார். "வர்றாங்க பெரியம்மா. சேலகூட எடுத்தாச்சு, மாம்பழ மஞ்சள்" என்றேன். அதற்கு அடுத்த கிழமையும் அதையேதான் சொன்னேன். கேஷானியைத் தவிர வேறு யாருக்கும் நீங்கள் மறுத்தது தெரியாது. வேறு யாரையும் பார்க்கவில்லை, பார்ப்பதாகவும் இல்லை.

இந்த இரண்டு மாதத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது.

மதுசன்


மேல்கணக்கு, நிவித்திகல
2025 மே 22

தம்பிக்கும் கேஷானிக்கும்,

கார்டு பத்திரமாக வந்தது. நப்லா அதை மருந்து அலுமாரியில் பூட்டி வைத்திருந்தாள். மூன்று இரவு மழை கூரையில் கொட்ட, கம்ப்யூட்டர் விட்டு விட்டு வேலை செய்தது. பழைய மெஷின், நடுநடுவே மூச்சு வாங்குகிறது. முந்தாநாள் விடிகாலை திரையில் படம் வந்து நின்றது.

எப்படிச் சொல்வது? நடுவில் இளஞ்சிவப்பு, ஓரத்துக்குப் போகப் போகச் செம்மண் நிறம். குறுக்கே இரண்டு கறுத்த வாய்க்கால் ஓடி ஒரு இடத்தில் சேர்கிறது. அதைச் சுற்றி எண்ண முடியாத நட்சத்திரம். மூலைகளில் சில நட்சத்திரம் நீண்டு கிடக்கின்றன, அது நான் போல்ட்டைத் திருகிய கோளாறு. உன் அறுபது படத்தைக் கழிக்காமல் ஒரு தடவை சேர்த்துப் பார்த்தேன், சட்டையில் மிளகாய்த் தூள் கொட்டியது மாதிரி இருந்தது. கழித்த பிறகு ஒரு புள்ளி இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரைக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பிறகு, "இதத்தான் புகைன்னு சொன்னேனா" என்றாள்.

கல்யாணத்துக்கு வரும்போது படத்தைக் கார்டில் போட்டுக் கொண்டு வருகிறேன், நீ பெரிதாக அச்சுப் போடு. யாருக்கென்று கேட்காதே, உங்கள் வீட்டுச் சுவருக்குத்தான். கீழே யார் பெயர் என்று கேட்டால் நம் இருவர் பெயரும். கேஷானி போர்வையோடு உட்கார்ந்திருந்ததால் அவள் பெயரும்.

நாலைந்து நாளாக முடிச்சுப் பழகுகிறேன். தாலிக்கயிறு மாதிரி ஒரு மஞ்சள் நூலை வாங்கி, பலகையில் இருக்கிற பிணைச்சலைச் சுற்றிக் கட்டிப் பார்க்கிறேன். முதல் நாள் போட்டது தானாக அவிழ்ந்தது. நேற்றுப் போட்டதை அவிழ்க்க முடியாமல் அம்மா கத்தியால் அறுத்தாள். மீனாம்பாள் அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்.

நாங்கள் நாலாம் தேதியே வந்துவிடுவோம். மழைக்கு ரோட்டில் தண்ணீர் ஏறினால் நப்லாவின் அண்ணன் வேனில் சுற்றுவழியாகக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று டவுனுக்குப் போய், மழையில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன். மாம்பழ மஞ்சள் கிடைப்பது லேசில்லை, மதுசன். அடுத்த தடவை பொய் சொல்லும்போது சாதாரண நிறமாகச் சொல். கடைசிக் கடையில் கிடைத்தது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் எடு. எனக்குப் பேச வராவிட்டால் வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு.

அக்கா